இடது பக்கத்துச் சத்தம்

எச்சிலை விழுங்கக் கூடாது என்று ஜெபமலர் சொல்லி முடிக்கவில்லை, ஆவுடைத்தங்கத்தின் வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிட்டது. காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்ட எள்ளுப்பொடியின் வாடைகூட அதில் மிச்சம் இருந்தது. தலையணை இல்லாத கட்டிலில் தாடையை உயர்த்தி, முகத்தை இடப்புறம் திருப்பி, வலது கழுத்தை அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுப் படுத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. தாலிக்கு நீட்டியதற்குப் பிறகு அந்தக் கழுத்தை அவள் வேறு யாரிடமும் நீட்டியதில்லை. ஜெபமலர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை, ஸ்கேன் கருவியின் திரையும் தெரியவில்லை. குளிர்ந்த பசை காதுமடலுக்குக் கீழே வழிந்தது. அதன் மேல் சோப்புக்கட்டி அளவு இருந்த ஒன்று ஊர்ந்து வந்து, நின்று, அழுந்தியது. திரைச்சீலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் சக்கர நாற்காலியின் சிறு சக்கரமும், மிதிபலகையில் கணவர் பிரமநாயகத்தின் வலது காலும் தெரிந்தன. செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிட்டிருந்தாள். ஒரு துளை இறுக்கிவிட்டோமோ? இறுக்கினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. எட்டு மாதமாக அதற்கு ஒன்றும் தெரியாது. இறுக்கம் தெரியாத காலுக்கு இறுக்கமாக மாட்டுவது பாவமா, அல்லது பாவமே இல்லையா என்று அவள் எண்ணத் தொடங்கியபோது கருவி வாய் திறந்தது. ஷ்ஷுக். ஷ்ஷுக். ஷ்ஷுக்.

"பயந்திராதிய. உங்க ரத்தம் ஓடுற சத்தந்தான்" என்றாள் ஜெபமலர். "பேசாண்டாம். தலைய ஆட்டவும் ஆட்டாண்டாம். கேட்டுக்கிட்டே படுத்திருங்க."

கேட்பதற்காகத்தானே வந்தோம் என்று ஆவுடைத்தங்கம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அது ஜெபமலருக்குத் தெரியாது. ஒரே அடுப்பில் சமைத்ததை முப்பதாண்டு சேர்ந்து சாப்பிட்ட கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் மூளைக்குப் போகும் ரத்தம் ஏன் தடைபடுகிறது என்று ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்களாம். நோயாளியின் கழுத்தை அளந்தாகிவிட்டது, நோயில்லாதவரின் கழுத்தும் வேண்டுமாம். போன வாரம் பிரமநாயகத்தைக் கைகால் பயிற்சிக்கு அழைத்து வந்தபோது ஜெபமலர் தாழ்வாரத்தில் மறித்து, "யம்மா, உங்க கழுத்தயும் ஒரு நாளைக்குக் கடன் தாங்க" என்று கேட்டபோது, அவள் ஒரு கணம் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். படிவத்தில் பெயர் கிடையாது, எண்தான், அவள் இருபத்திரண்டு. முடிவை வீட்டாருக்குச் சொல்ல மாட்டார்கள். அது போதும். தன் காதை நம்பித்தான் அவள் இந்தக் கட்டிலில் ஏறினாள். தொலைபேசி இலாகாவில் முப்பத்தொரு வருடம், அதில் முதல் பன்னிரண்டு வருடம் இணைப்புப் பலகையின் முன்னால். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு துளைகளில் கம்பியைச் செருகிய கணத்திலேயே, ராமேசுவரம் லைன் இன்றைக்குத் தாங்கும், செங்கோட்டை லைன் பாதியில் அறுந்துவிடும் என்று இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் சோதித்துவிட்டு வந்து, "அம்மா சொன்னா மெசின் சொன்ன மாதிரி" என்பார். இதுவும் ஒரு லைன்தானே. இதயத்திலிருந்து மூளைக்குப் போகிற லைன். வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று. கேட்டால் தெரிந்துவிடும். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், படுத்த இடத்திலேயே தெரிந்துகொண்டு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஷ்ஷுக். ஷ்ஷுக். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. கரகரப்பு இல்லை, இடைமறிப்பு இல்லை. பக்கத்துத் தெரு லைன் மாதிரி அத்தனை தெளிவு. ஆனால் வலப்பக்கத்தைப் பற்றி அவளுக்குக் கவலை எப்போதுமே இருந்ததில்லை. இடது லைன்தான் மூளையின் இடப்பாதிக்குப் போவது. வலது கையும் வலது காலும் பேச்சும் அந்தப் பாதியின் பொறுப்பு. இதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. பிரமநாயகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"புறப்படு" என்றது திரைக்கு அப்பால் இருந்து ஒரு குரல்.

"இந்தா, அப்பா பஸ்ஸ எடுக்கச் சொல்லியாச்சு" என்று சிரித்தாள் ஜெபமலர். "அஞ்சு நிமிசம் பொறுங்கப்பா. இன்னும் ஒரு டிக்கெட் ஏறணும்."

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டால் பாபநாசம் பேருந்தின் ஓட்டுநர் டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தக் குரலிலிருந்த ஆயிரம் ஊர்களையும் அத்தனை மணிநேரக் கணக்குகளையும் ஒரே காலைப்பொழுதில் துடைத்துவிட்ட பக்கவாதம், இந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் புறப்படு. கோபமென்றால் புறப்படு. அன்றொரு நாள் அவள் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, குனிந்திருந்த அவள் உச்சந்தலையில் இடது கையை வைத்து, மிக மெதுவாக, புறப்படு என்றார். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பாள், நகவெட்டி வேறு கையில் இருந்தது. ஒரே ஒரு சொல்லை இத்தனை வேறுபாடுகளோடு சொல்ல முடியுமென்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் பிரித்தறிகிற காது அவளுடையது. மகள் சொல்லும் அந்த முதியோர் இல்லத்தில் யாருக்கு இருக்கும் அந்தக் காது? வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி வந்து, தாத்தா என்ன வேணும் என்பாள். இவர் புறப்படு என்பார். அவள் புறப்பட்டுப் போய்விடுவாள்.

"இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க. முகம் சுவரப் பாத்து இருக்கட்டும். அப்படித்தான். மூச்சப் புடிக்காதிய."

அவள் திரும்பினாள். சக்கரமும் செருப்பும் மறைந்தன. சுவரில் ஒரு மின்செருகுப் பலகை இருந்தது. மூன்று துளை, அதற்குக் கீழே இரண்டு துளை. பசை மறுபடி குளிர்ந்தது. ஷ்ஷுக் என்று ஒரு முறை, இன்னொரு முறை, மூன்றாவது முறை பாதியில், தட் என்று ஒரு விசைச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அவள் காத்திருந்தாள். லைன் போய்விட்டதா? இல்லை. கருவி அழுந்திக்கொண்டுதான் இருந்தது, நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒலியை மட்டும் அணைத்துவிட்டாள். ஆவுடைத்தங்கத்தின் இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் வேர்த்தன. இரண்டும் வேர்க்கின்றன என்பதைக் கவனித்து, இரண்டும் உணர்வோடு இருக்கின்றன என்று ஒரு மூலையில் குறித்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அறை, இதே கட்டில், இதே ஜெபமலர். கட்டிலில் பிரமநாயகம். அவள் கால்மாட்டில் நின்றாள். வலப்பக்கம் முழுக்க ஒலியோடு பார்த்த பெண், இடப்பக்கம் வைத்த சிறிது நேரத்தில், கையை நீட்டி, தட். அதற்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்து அளந்தாள். அப்போது ஆவுடைத்தங்கம்தான் கேட்டாள், ஏன் சத்தத்தைக் காணோம் என்று. "சில இடத்துல சத்தம் சரியா கேக்காதும்மா" என்றாள் ஜெபமலர். பொய். லைன் பழுதை மறைக்கிற பொய்யை அவளிடமே சொன்னாள். பின்னால் பழகிய பிறகு ஒரு நாள் ஜெபமலரே ஒப்புக்கொண்டாள்: அடைப்பு இருக்கிற இடத்தில் சத்தம் விகாரமாக மாறிவிடும், படுத்திருப்பவர் கேட்டுப் பயந்தால் ரத்த அழுத்தம் ஏறி அளவெல்லாம் தப்பிவிடும், அதனால் அணைத்துவிடுவதுதான் வழக்கம் என்று. "தோட்டத்துக் குழாய்ல விரல வச்சு அமுக்குனா தண்ணி பீச்சியடிக்கும்லா? அதே மாதிரிதாம்மா. குறுகுன இடத்துல வேகம் கூடிரும். அந்தச் சத்தத்தக் கேக்க நல்லாவா இருக்கும்?"

தட். அப்படியானால் இருக்கிறது. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே உப்பு. அவருக்கு வந்த இடத்திலேயே அவளுக்கும். கேட்கத்தான் வந்தாள், கேட்க விடவில்லை. ஆனால் கேட்க விடாததே செய்தி. அவள் நேரத்தை எண்ணத் தொடங்கினாள். மூன்று நிமிடத்தை அவள் கடிகாரமில்லாமல் அளப்பாள். வெளியூருக்குப் போடும் டிரங்க் கால் ஒன்றின் அளவு அது. மூன்று நிமிடம் ஆனதும் பேச்சுக்கிடையே புகுந்து, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். எத்தனை இழவுச் செய்திகளுக்கு நடுவில், எத்தனை பெண் பார்க்கும் பேச்சுகளுக்கு நடுவில் அவள் குரல் புகுந்திருக்கிறது. மூன்று நிமிடம் ஆச்சு, நீட்டிக்கணுமா? அன்றைக்கும் அப்படித்தான் அளந்தாள். சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. நழுவியதென்றுகூடச் சொல்ல முடியாது, கை அதைப் பிடித்திருந்ததையே மறந்துவிட்டது. டம்ளர் தரையில் உருண்டு அடுப்புமேடைக்குக் கீழே போனது. அந்த நேரம் பார்த்து வடிவு போனில் அழைத்தாள். புனேயிலிருந்து மகள் தினமும் அந்த நேரத்தில்தான் அழைப்பாள். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். அம்மா என்றாள் வடிவு. ஆவுடைத்தங்கம் அலோ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் இருந்தது. அதன் உருவம் இருந்தது, எடை இருந்தது, பன்னிரண்டு வருடம் ஒரு நாளைக்கு நானூறு முறை சொன்ன சொல். அது வரவில்லை. கம்பியைச் செருகுகிறாள், துளை இல்லை. துளை இருக்கிறது, கையில் கம்பி இல்லை. அம்மா, அம்மா, கேக்குதா? கேட்டது. எல்லாம் கேட்டது. குக்கர் சத்தம் முதற்கொண்டு கேட்டது. உள்ளறையில் பிரமநாயகம் புறப்படு என்றதும் கேட்டது, தண்ணீர் கேட்கிற புறப்படு. பதில் சொல்ல ஒரு சொல்கூட இல்லாமல் சமையலறையில் நின்றவள், அவருக்காவது ஒன்று இருக்கிறது என்று நினைத்தாள். பிறகு ஏதோ ஒரு கணத்தில் வாய் அவிழ்ந்தது. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நீட்டிக்கவில்லை. முதலில் வந்த வாக்கியம் எது? "சிக்னல் சரியில்லட்டி. உன் பேச்சு விட்டு விட்டுக் கேக்கு." அவ்வளவு சரளமாக வந்தது. எந்தச் சந்தாதாரரிடமும் எந்த நாளிலும் நல்ல லைனைப் பழுது என்று சொல்லாத அவள் வாய்க்கு, திரும்பி வந்ததும் கிடைத்த முதல் வார்த்தை அது.

வாயில் எச்சில் நிறைந்துவிட்டது. விழுங்கினால் கழுத்து அசையும், அசைந்தால் அளவு தப்பும். தப்பட்டுமே. கருவி தாடைக்குக் கீழே அந்த ஒரே இடத்துக்கு மறுபடி வந்தது. டிக் என்றது ஏதோ ஒரு பொத்தான். மறுபடி டிக். அதே இடம். இரண்டாவது மூன்று நிமிடம் தொடங்கிவிட்டது. வலப்பக்கத்துக்கு இத்தனை நேரம் ஆனதா? ஆகவில்லை. படிவத்தின் ஒன்பதாம் கேள்வி தட்டச்சில் கண்முன் வந்தது: கடந்த ஓராண்டில் கையோ காலோ சிறிது நேரமாவது வலுவிழந்ததுண்டா, பேச்சு தடைப்பட்டதுண்டா? இல்லை என்ற கட்டத்தில் அவள் போட்ட குறி நேராக, அழகாக இருந்தது. அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் அவள் நோயில்லாதவர் வரிசையில் இல்லை; அந்த வரிசையில் இல்லையென்றால் ஜெபமலர் டாக்டரிடம் சொல்வாள், டாக்டர் மகளைக் கூப்பிடச் சொல்வார். மகள் பொல்லாதவள் அல்ல. அதுதான் சிக்கல். பொல்லாதவளாக இருந்தால் சண்டை போடலாம். போன தீபாவளிக்கு வந்தபோது, பெருமூச்சோடு அவள் சொன்னது நியாயமான பேச்சு: "நீ நல்லா இருக்குத வரைக்கும் அப்பாவப் பாரும்மா, நான் வேண்டாங்கல. ஒனக்கும் ஒண்ணுன்னா, கோயமுத்தூர்ல அந்த இல்லத்துலதான் அப்பாவ விடணும். ஒன்ன நான் கூட்டிட்டுப் போயிருவேன். என் வீட்ல ரெண்டு பேரையும் எங்க வச்சுப் பாக்க, நீயே சொல்லு." ஒரு வீட்டில் இரண்டு நோயாளி இருக்க முடியாது. ஒருவர் நோயாளி, ஒருவர் நோயில்லாதவர். ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள், மகளும் அப்படித்தான் பிரித்திருக்கிறாள். நோயில்லாதவர் நோயாளியின் பக்கம் சாய்ந்த அன்றைக்குக் குடித்தனம் முடிந்தது. ஒருவர் புனேக்கு, ஒருவர் கோயமுத்தூருக்கு. நடுவில் எத்தனை எக்சேஞ்ச். ஆனால் சொல்லாமல் இருந்தால்? அடுத்த முறை மூன்று நிமிடத்தில் திரும்பி வராவிட்டால்? அவரைக் குளிப்பாட்டத் தூக்கிப் பிடித்திருக்கும்போது வலது கை, பிடித்திருப்பதை மறந்துவிட்டால்? டம்ளர் உருண்டு போயிற்று. அவர் உருள மாட்டார். ஈரத் தரை, குழாயின் பித்தளை மூக்கு, அவருடைய பின்மண்டை. அவள் கண்ணை மூடினாள், மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, திறந்தாள். மூன்று துளை. இரண்டு துளை. அவர் கூப்பிடுவார், ஒரே ஒரு சொல்லால். பக்கத்து வீட்டார் கேட்டாலும், மாமா பஸ் விடுதாரு என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

"புறப்படு" என்றது குரல். தாழ்ந்து, கம்மி, பாதியில் உடைந்து. இது தண்ணீர் அல்ல. கோபமும் அல்ல. எந்தப் புறப்படு இது? முதல் தடவையாக அவளுக்கு இனம் தெரியவில்லை. தன் ரத்தத்தின் சத்தத்தைத் தேடித் தேடிக் காது கெட்டுவிட்டதோ?

"முடிஞ்சிட்டு. விழுங்கிக்கிடுங்க" என்றாள் ஜெபமலர்.

விழுங்கினாள். அத்தனை நேரம் காத்திருந்த எச்சில், விழுங்கியபோது ஒன்றுமே இல்லாததுபோல் போய்விட்டது. மெல்லிய துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு ஜெபமலர் கை கொடுத்தாள். ஆவுடைத்தங்கம் அந்தக் கையைப் பிடிக்காமல், தானே எழுந்து உட்கார்ந்தாள்.

"சத்தத்த ஏன் அணைச்ச?"

"எப்ப?"

"இடது பக்கம் வச்சதும். மறைக்காண்டாம். என்ன இருந்தாலும் சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்."

ஜெபமலர் விழித்தாள். பிறகு புரிந்துகொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நீங்க அத நெனச்சியளா! அதுக்கில்லம்மா. அப்பா அழுதாங்க. நீங்க செவரப் பாத்துக் கெடந்திய, ஒங்களுக்குத் தெரியல. எனக்கு இங்க இருந்து திரை இடுக்குல தெரியுதுல்லா. ஒங்களப் படுக்கப் போட்டு அந்தச் சத்தம் வந்ததும், அவங்களுக்கு அவங்க படுத்ததே ஞாபகம் வந்துட்டு போல. நாற்காலியவே இடது கையால உந்தி எந்திரிக்கப் பாக்காங்க. அதான் டக்குனு நிறுத்துனேன்." குரலைத் தாழ்த்தினாள். "ரிசல்ட்ட நான் சொல்லப்படாது. ஆனா இப்படிப் பயந்து போயிருக்கியளே. ரெண்டு பக்கமும் அருமையா ஓடுது. அப்பா அழுதத ஒரு கண்ணால பாத்துக்கிட்டே அளந்ததுல அளவு தப்பிட்டு, அதான் ரெண்டு தடவ எடுத்தேன். ஒங்க வயசுக்கு இப்படி ஒரு கழுத்து இந்த மாசம் நான் பாக்கல, போங்க."

ஆவுடைத்தங்கம் திரையை விலக்கினாள். பிரமநாயகம் அவளைப் பார்த்தார். சட்டைக் கழுத்துப்பட்டை நனைந்திருந்தது. அவள் முந்தானையால் முதலில் அவர் கண்ணையும் பிறகு வாயோரத்தையும் துடைத்தாள். செருப்பு வாரை ஒரு துளை தளர்த்தினாள். அருமையாக ஓடுகிறது. புடவையைச் சரிசெய்துகொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எதை நினைத்து வந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. மின்தூக்கிக்கு இருபதடி. அவள் கைப்பிடியைப் பற்றினாள், இரண்டு கையாலும். வலது கை பற்றியிருப்பதை உற்றுப் பார்த்தாள். அருமையாக ஓடுகிறது, அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன? பலகையின் முன்னால் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அப்போதுதான் மெல்ல எழுந்து வந்தது. செத்த லைன் ஆபத்தில்லை. அது செத்தது தெரியும், ஆள் போய்ச் சரிசெய்துவிடுவான். வந்து வந்து போகிற பழுதுதான் ஆபத்து. சோதிக்கிற நேரத்தில் லைன் சுத்தமாக இருக்கும், லைன்மேன் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான், அந்த ராத்திரியே யாரோ ஒருவர் மகனுக்கு நெஞ்சுவலி என்று சொல்ல முயலும்போது பாதியில் அறும். அப்போதெல்லாம் அவள்தான் சண்டை போட்டு மறுபடி சோதிக்க வைப்பாள். நீங்க பாத்தப்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லாதிய சார், நான் அறுந்தத என் காதால கேட்டேன். என் காதால கேட்டேன். குக்கர் சத்தம் கேட்டது. மகள் அம்மா அம்மா என்றது கேட்டது. இவள் வாயிலிருந்து ஒன்றும் வராததும் கேட்டது.

சக்கர நாற்காலி நகரவில்லை. பிரமநாயகம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜெபா" என்றாள் அவள். "அந்தத் தாள எடு. ஒன்பதாவது கேள்வி. நான் போட்டது பொய்."

ஜெபமலர் கையில் இருந்த துணியை வைத்தாள். ஆவுடைத்தங்கம் சொன்னாள், டம்ளரைச் சொன்னாள், எந்தக் கை என்று சொன்னாள், எத்தனை நிமிடம் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே சொன்னாள். எல்லாம் வந்தன. ஜெபமலர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். முடித்ததும், "ஊர்க் கதயெல்லாம் வயர்ல கேட்டவுக, ஒங்க கதயச் சொல்ல இத்தன நாளாம்மா?" என்றாள். கோபம்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. "கழுத்து நல்லா இருந்தா போதாது. இதயத்துலேருந்துகூட ரத்தக்கட்டி கெளம்பிப் போயி, அடைச்சிட்டு, கரைஞ்சிரும். அடுத்த தடவ கரையாது. இன்னைக்கே டாக்டரப் பாத்தாகணும். வீட்டுக்குப் போறதெல்லாம் அப்புறம். யாருக்குச் சொல்லணும், சொல்லுங்க."

யாருக்குச் சொல்லணும். மறுபடி அந்த ஈரத் தரை, அந்த இல்லத்தின் வெள்ளைச் சட்டை, ஒன்று போனால் இன்னொன்று. எதுவும் தீரவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். வலது கையால் எடுத்தாள், வேண்டுமென்றே. பிரமநாயகத்தின் இடது கை அவள் புடவைக் கொசுவத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் மணி இரண்டு முறை அடித்தது.

"அம்மா? என்னம்மா இந்நேரத்துல?"

வாயைத் திறந்தாள். சொல் இருந்தது. எங்கே தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.

"அம்மா? அலோ? சிக்னல் இல்லியா? ஒண்ணும் கேக்கலியே."

"லைன் நல்லா இருக்கு, வடிவு" என்றாள் ஆவுடைத்தங்கம். "அந்தச் செவ்வாக்கெழமையும் நல்லாத்தான் இருந்துச்சு."